திடல் மண்

ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு ஆகாது. நடவு, களை, அறுப்பு என்று குனிந்தும் நிமிர்ந்தும் நடந்தும் செய்கிற வேலை எதுவானாலும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வேன். உட்காரச் சொன்னால் பத்து நிமிஷத்தில் முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும். என் தம்பி பெண்சாதி இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். அப்படிப்பட்ட எனக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதத்தில், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து பானை ஓடு கழுவுகிற வேலை வந்து வாய்த்தது. எங்கள் ஊர்த் திடலில் தொல்லியல்காரர்கள் குழி தோண்ட வந்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பொம்பளை வேண்டும் என்று கேட்டார்களாம். பஞ்சாயத்தில் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

குத்தாலத்திலிருந்து வருகிற பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் வயல். வயலுக்கு நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிற மேடுதான் திடல். சோழர் காலத்தில் அங்கே ஒரு ஊர் இருந்ததாம். கோயில் இல்லை, அரண்மனை இல்லை. உழுது பிழைத்த சனங்களின் ஊர். இதைப் போய் ஏன் தோண்டுகிறீர்கள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆபீசரிடம் கேட்டேன். முப்பது வயதுகூட ஆகாத பெண். வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, தலையில் பனையோலைத் தொப்பியோடு இருப்பார்.

“கோயில் கட்டினவங்களப் பத்திக் கல்வெட்டுல நெறைய எழுதி வச்சிருக்காங்க அக்கா. அந்தக் கோயிலுக்கு நெல்லு அளந்தவங்க எப்படி இருந்தாங்கன்னு யாரும் எழுதல. இங்கதான் பாக்கணும்” என்றார்.

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று. அதுதான் பிறகு இத்தனை சங்கடத்துக்கும் காரணம்.

அந்தத் திடலைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நாலு மூலையிலும் எல்லைக் கல், வடக்கே ஒரு நீலப் போர்டு. சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்று எழுதியிருக்கும். ஆடுகள் அதில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து போய்விட்டது. எல்லைக் கல்லிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்பது மட்டும் ஊருக்கு மனப்பாடம். ஏனென்றால் அந்த ஒன்றைத்தான் தாலுகா ஆபீசில் கேட்பார்கள்.

எனக்கும் அந்த நூறு மீட்டர் முக்கியமாக இருந்தது. அந்த வருஷம்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் என் பெயர் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு தம்பி வீட்டில்தான் இருந்தேன். தம்பி தங்கமானவன். அவன் பெண்சாதியும் கெட்டவள் இல்லை. ஆனாலும் இன்னொருத்தி அடுப்படியில் போய் நின்று, ஒரு வாய் டீ போட்டுக்கொள்ளவா என்று முகத்தால் கேட்டுக்கொண்டே இருக்கிற வாழ்க்கை இருக்கிறதே, அது எனக்குத் தொண்டைக்குள் முள்ளாக இருந்தது. திடலுக்குக் கிழக்கே எனக்கென்று ஒரு கொல்லை உண்டு. வேறு காணி எதுவும் கிடையாது. சர்வேயர் வந்து டேப் பிடித்தபோது கொல்லையின் மேற்கு வேலி நூறு மீட்டரைத் தாண்டி நாலு மீட்டரில் இருந்தது. நாலு மீட்டர் என்றால் என்ன, ஒரு மாட்டு வண்டி நீளம். அதற்கே எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. ஆடிக்குள் அஸ்திவாரம் போட்டுப் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். கொத்தனாரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் ஆபீசரும் கூட வந்த மாணவர்களும் திடலை விட்டு இறங்கி வயல்களில் நடந்தார்கள். உளுந்து எடுத்த வயல்கள், காய்ந்து வெடித்துக் கிடந்தன. கை நீட்டினால் பக்கத்து ஆள் விரல் தொடாத தூரத்தில் வரிசையாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பானை ஓடு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு குச்சிக்கொடி நடுவார்கள். நான் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடி. பிறகு வேலியைத் தாண்டி என் கொல்லைக்குள் போனார்கள். அரை மணி நேரத்தில் என் கொல்லை, கட்சி மாநாட்டுப் பந்தல் மாதிரி கொடியாக நின்றது.

அந்த ஓடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் திடல் மண் என்றால் எரு. ஒரு காலத்தில் சனங்கள் குடியிருந்த இடமல்லவா, அவர்கள் கொட்டிய சாம்பலும் குப்பையும் மக்கி மண் கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும். அறுவடை முடிந்ததும் வண்டி கட்டிக்கொண்டு போய் வெட்டி வந்து வயலில் பரப்புவது வழக்கம். மூட்டை உரம் வந்த பிறகு ஊர் அதை விட்டுவிட்டது. நாங்கள் விடவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்த கடைசிக் கோடையில், மழைக்குத் தண்ணீர் தேங்குகிற அந்தக் கொல்லையை மேடாக்கிக் கத்தரி போடலாம் என்று, தம்பியின் டிராக்டரில் ஐந்து நடை திடல் மண் அடித்தோம். தம்பி ஓட்டினான். அவர் வெட்டினார், நான் கூடையில் வாங்கி ஏற்றினேன். நீலப் போர்டு அப்போது புதுசாகப் பளபளவென்று இருந்தது. அதன் நிழலில்தான் தண்ணிக் குடத்தை வைத்திருந்தோம். சேதப்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்ததை நானே சத்தம் போட்டுப் படித்தும் காட்டினேன். எரு எடுப்பது சேதம் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீசர் பைபையாக ஓடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் இறக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு பையிலிருந்து விரல்நுனி அளவில் பச்சையாகப் பளபளக்கிற ஒரு துண்டை எடுத்துக் காட்டினார்.

“இது சீனாவுலேருந்து வந்தது அக்கா. நாகப்பட்டினத்துல எறங்கி இங்க வந்திருக்கு. இந்த மாதிரி ஒரு பட்டிக்காட்டுல! நாம நெனச்சதவிட ஊரு ரெண்டு மடங்கு பெருசு. நடுவுல இருக்கற வயல்ல சேத்து உழவுல எல்லாம் அமுங்கிப் போயிருக்கும். மேட்டுக் கொல்லைங்கறதால மேலயே கெடக்கு. எல்லைய அதுவரைக்கும் தள்ளணும்னு எழுதப் போறேன். அந்தக் கொல்லை யாரோடது?”

“என்னோடதுதான் மேடம்.”

“அட! அக்கா, உங்களுக்குப் பெருமையா இல்ல?”

பெருமையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பிரஷ்ஷைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அங்கே வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது. எல்லை மாறினால் கட்ட முடியாது என்றார். வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, “நான் பாத்தத எழுதாம இருக்க முடியாதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். உட்கார்ந்து சொல்லவில்லை, வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் நடந்துகொண்டே சொன்னேன்.

“நீ வாயத் தொறக்காத அக்கா” என்றான் அவன். “போர்டு நட்ட அப்பறம் மண்ணு அடிச்சோம்னு நீயே போயி சொன்னா, வீடும் போயிடும், வேலையும் போயிடும், என் டிராக்டரையும் புடிச்சுட்டுப் போயிடுவாங்க. எல்லைய மாத்தறதுன்னா சும்மாவா? ஆபீஸ் ஆபீஸா சுத்தி வர்றதுக்குள்ள நீ வீட்டக் கட்டி முடிச்சுடலாம்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்போது அவன் பெண்சாதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வீடு கட்ட முடியலன்னா என்ன அண்ணி? நீங்க இங்கயே இருங்க. யாரு வேணாம்னா?” என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வீட்டில் கால் பாவவில்லை.

ஆனாலும் மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. என் கொல்லை ஓடுகளை நானே உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு இருக்கும், எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை ஓடு என்று. கழுவி, சீட்டோடு சேர்த்து வலையில் காயப் போட வேண்டும். சட்டிக் கழுத்து, குடத்து வாய், கூரை ஓட்டுத் துண்டு. ஒவ்வொன்றும் என் வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் பேசின் தண்ணீர் தளும்பியது. பக்கத்து ஸ்டூலில் யாருமில்லை. பின்னால் நாலடியில் வாய்க்கால். மேட்டூர் அணை மூடிய பிறகும் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஒரு பையை அப்படியே கவிழ்த்துத் தண்ணீரில் கொட்டிவிட்டேன்.

கொட்டிய கையோடு, என்ன காரியம் செய்தேன் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே வாய்க்காலுக்குள் இறங்கினேன். சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினேன். நத்தை வந்தது, பிராந்தி பாட்டில் வந்தது, ஓடும் வந்தது. சீட்டில் பதினாலு என்று இருந்தது. பதினொன்றுதான் கிடைத்தது. மூன்றைக் காணோம். கரையில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். திருட்டுத்தனம் எனக்கு வரவில்லை. வராத வேலையைச் செய்யப் போனால் இப்படித்தான் சேற்றில் நிற்க வேண்டும்.

டீ நேரத்துக்கு ஆபீசர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று ஓடு காணாமல் போனதை முதலில் சொன்னேன், ஐந்து நடை மண்ணைப் பிறகு சொன்னேன். தம்பி பெயரை மட்டும் விட்டுவிட்டு, டிராக்டர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார். முகம் இறுகிப்போயிருந்தது.

“போர்டு நட்ட அப்பறமா?”

“ஆமாங்க மேடம்.”

“படிச்சுப் பாத்தீங்களா?”

“படிச்சேங்க.”

டீத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு போயிடுமேன்னு இப்படி ஒண்ணு சொல்றீங்களோன்னு யாராவது என்னக் கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னால், அது பொய்யாக இருக்குமோ என்கிறார்கள். “அப்ப தோண்டிப் பாருங்க. என் கொல்லதான? எங்க வேணும்னாலும் தோண்டிப் பாருங்க!” என்று கத்திவிட்டேன். மண் சுமந்துகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தோண்டத்தான் போறேன்” என்றார் அவர்.

மறுநாள் காலை என் கொல்லை நடுவில் கயிறு கட்டி, ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு சதுரக் குழி போட்டார்கள். மண்வெட்டி இல்லை, சின்னக் கொத்தும் பிரஷ்ஷும்தான். கூடை மண்ணைச் சலித்துப் பார்த்து, ஓடுகளை எண்ணி, எழுதி, அப்புறம்தான் அடுத்த கூடை. நான் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு இன்னொரு பயம் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மண் அடித்தது நிஜம். ஆனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? பழைய ஊர் நிஜமாகவே இதுவரைக்கும் வந்திருந்தால்? நான் சொன்ன உண்மை என்னைக் காப்பாற்றும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

முதல் ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு மண். ஓடு வந்துகொண்டே இருந்தது. அதற்குக் கீழே கத்தியால் கீறின மாதிரி நிறம் மாறிப் பழுப்பு வண்டல் வந்தது. ஓடு நின்றுவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. இன்னொரு சாண் போனதும் குழிக்குள்ளிருந்த ஆள், “மேடம், ஒரு ஓடு!” என்றான்.

வேலியைத் தாண்டிக் குழி ஓரத்துக்கே ஓடிவிட்டேன். ஆபீசர் குழிக்குள் இறங்கி, மண்டியிட்டு, அந்த ஓட்டைச் சுற்றிப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவசரமே இல்லை அந்தப் பெண்ணுக்கு. கடைசியில், “எலி வளை. மேலேருந்து உள்ள விழுந்திருக்கு” என்றார். வளை போன வழியை விரலால் எனக்குக் காட்டவும் காட்டினார். அதற்கப்புறம் இடுப்பளவு ஆழம் போனார்கள். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலைத் தவிர ஒன்றுமில்லை. யாரும் அங்கே குடியிருந்ததில்லை. இனிமேல் நான் குடியிருக்கலாம்.

எல்லை பழைய எல்லையாகவே இருக்கும் என்று அவர் சொன்னார். என் பெயரை எழுதவில்லை, எருவுக்காக மண் எடுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதுவதாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பும் இல்லை.

“எந்த எடத்துல எடுத்தீங்கன்னு காட்டுங்க” என்றார்.

திடலின் கிழக்குச் சரிவில் ஏறினோம். எனக்கு இடம் நன்றாகத் தெரியும். டிராக்டர் திரும்ப வசதியான இடம். இப்போது புல் மூடி ஒரு பள்ளமாகக் கிடந்தது. பள்ளத்தின் விளிம்பிலேயே அவர்கள் தோண்டிய பெரிய குழி ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் கழுவுகிற இடத்தை விட்டு அந்தப் பக்கம் வந்ததே இல்லை. குழிக்குள் ஒரு வீடு தெரிந்தது. பெரிய பெரிய செங்கல் வைத்துக் கட்டிய மூன்று சுவர், முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தன. அடித்துச் சமன் செய்த தரை. ஒரு மூலையில் மண் சிவந்து கிடந்த இடத்தை அடுப்பு என்றார். தெற்குச் சுவர் நேராகக் கிழக்கே வந்து, நாங்கள் வெட்டின பள்ளத்தில் அறுந்து நின்றது.

“மழத் தண்ணி அரிச்சுட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். ஒரு மாசமா இத வச்சு மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, மண்ணு வெட்டறப்ப இங்க செங்கல்லு வந்துச்சா?” என்று கேட்டார்.

வந்தது. மண்வெட்டியில் டங் டங்கென்று இடித்தது. கத்தரிக்குச் செங்கல் எதற்கு என்று பொறுக்கிப் பொறுக்கிச் சரிவில் உருட்டிவிட்டோம். அதைச் சொன்னேன்.

அவர் சட்டென்று நோட்டைத் திறந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“எப்படிக் கெடந்துச்சு? வரிசையா, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி இருந்துச்சா? இல்ல சும்மா கலஞ்சு கெடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வரிசையா இருந்திருந்தா சுவரு இன்னும் கெழக்க போயிருக்கு, இன்னொரு ரூம்பு இருந்திருக்கு. கலஞ்சு கெடந்திருந்தா வீடு இதோட முடிஞ்சுடுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்.”

வரிசையாக இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு வீடு கொடுத்த பெண்ணுக்கு ஒரு அறையாவது கொடுக்கலாம் என்றிருந்தது. அவர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியல மேடம்” என்றேன்.

அவர் தெரியவில்லை என்று எழுதினார். எழுதி அடிக்கோடு போட்டு நோட்டை மூடினார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் கொத்தனார் அஸ்திவாரம் போட்டுவிட்டார். தை மாதம் பால் காய்ச்சினேன். ஒரு ஹால், ஒரு அறை, என் அடுப்படி. யாரையும் கேட்காமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் டீ போடுகிறேன். ஆபீசர் ஊரை விட்டுப் போகும்போது, ஏதாவது ஞாபகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்னும் பண்ணவில்லை.

ஹாலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டு யோசித்துப் பார்க்கிறேன். அன்று என் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டு ஞாபகம் இருக்கிறது. வெட்டின மண்ணிலிருந்து கிளம்பிய வாசனை ஞாபகம் இருக்கிறது. செங்கலை எடுத்து என் கையில் கொடுத்து, “என்னா கனம் பாரு” என்று அவர் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அது எப்படிக் கிடந்தது என்பது மட்டும் வரவில்லை. அந்தச் சுவரைக் கடைசியாகப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தம்பி டிராக்டரை விட்டு இறங்கவே இல்லை. அவர் போய்விட்டார். மிச்சம் நான் ஒருத்திதான், எனக்கோ ஞாபகம் இல்லை.